பங்கு முத்திரை

பங்குத்தந்தையின் மேசை இழுப்பறையில் மரக் கைப்பிடியுள்ள முத்திரை ஒன்றும், ஊதா மை ஊறிய பஞ்சுப் பெட்டி ஒன்றும் எப்போதும் இருக்கும். பங்கு இல்லத்தின் கதவைத் தட்டும் பத்துப் பேரில் நான்கைந்து பேர் அந்த முத்திரையை நாடியே வருகின்றனர். திருமுழுக்குச் சான்றுக்கு ஒருவர், திருமண ஓலைக்கு ஒருவர், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க ஒருவர், நன்னடத்தைச் சான்றுக்கு ஒருவர். இரண்டு வரி எழுதிக் கையொப்பமிட்டு முத்திரையை அழுத்தினால் அவர்கள் முகம் மலரும். குருத்துவப் பணியில் இத்துணை எளிதாக நன்மை செய்யும் வாய்ப்பு வேறு இல்லை என்றே நாம் பல ஆண்டுகள் எண்ணியிருந்தோம்.

சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்த பின், ஒரு தாயும் மகளும் தாழ்வாரத்தில் தயங்கி நின்றனர். திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் சாலையை ஒட்டிய நமது பங்கில் அவர்களை அறியாதார் இலர். தந்தை இறந்து ஏழாண்டுகள் ஆகின்றன. தாய் சின்னாளபட்டிச் சாயப் பட்டறை ஒன்றில் நாட்கூலி. மகள் வணிகவியல் பட்டம் பெற்று ஒன்றரை ஆண்டாக வேலை தேடுகிறாள். தம்பி பன்னிரண்டாம் வகுப்பு. கல்விக் கடனுக்கான வங்கியின் கடிதங்கள் மாதந்தோறும் வருகின்றன.

தாய்தான் பேசினார். "தோத்திரம் சாமி. பாப்பாவுக்கு ஒரு லெட்டர் வேணும். நம்ம மகளிர் குழுக் கடையில ரெண்டு வருசம் சம்பளத்துக்கு வேலை பார்த்ததா எழுதி, முத்திரை போட்டுக் குடுத்தீங்கன்னா போதும்."

பெங்களூரில் தலைமை அலுவலகம் கொண்ட இணைய விற்பனை நிறுவனம் ஒன்று ஆள் எடுக்கிறதாம். வேலைக்குப் பெயர் மெர்ச்சண்டைசிங். பட்டப் படிப்போடு இரண்டாண்டு அனுபவமும் வேண்டுமென விளம்பரம் கூறியது. நமது பங்கில் மகளிர் குழு உண்டு, கடை இல்லை. கோயில் பின்புறத்து அறையில் ஒரு பீரோ இருக்கிறது. அதில் சின்னாளபட்டியில் மொத்தமாக வாங்கிய சுங்குடிச் சேலைகளை அடுக்கி வைத்து, பங்குத் திருவிழாவுக்கும் கிறிஸ்து பிறப்புக்கும் விற்பார்கள். அந்தப் பெண் அதில் கூடமாட உதவுவாள். சம்பளம் யாருக்கும் கிடையாது.

"கூடப் படிச்ச பொண்ணு ஒரு கடைக்காரர்கிட்டப் பணம் குடுத்து இப்படி லெட்டர் வாங்கித்தான் வேலைக்குப் போயிருக்கு, ஃபாதர்" என்றாள் மகள், தரையைப் பார்த்தபடி.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். அந்த நேரத்தில் நமது கை இழுப்பறையைத் திறந்தது. முத்திரையை எடுத்து மேசைமேல் வைத்தும் விட்டோம். யாருக்கு என்ன இழப்பு? பெரிய நிறுவனம் ஒன்று தனக்கென வைத்துக்கொண்ட விதியை ஓர் ஏழைப் பெண் தாண்டிச் செல்ல உதவுகிறோம். அவ்வளவுதானே என்று மனம் வாதாடியது. "குழுவின் விற்பனையில் இரண்டாண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றியவர்" என்று எழுதலாம். சம்பளத்தைப் பற்றி எழுதாமல் விடலாம். படிப்பவர் தாமாக எதையேனும் எண்ணிக்கொண்டால் அது நமது குற்றமா?

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றவர்களுக்கு இந்த வாதம் பழக்கமானது. வாயால் ஒன்றைச் சொல்லி, அதன் மறுபாதியை மனத்துக்குள் வைத்துக்கொண்டால் அது பொய்யாகாது என்று முற்காலத்தில் சிலர் கற்பித்தனர். 1679-இல் திருத்தந்தை பதினொன்றாம் இன்னசென்ட் அந்தத் தளர்ந்த போதனையைக் கண்டித்தார். தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்தபோது, இப்படியும் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வார்களா என்று நகைத்தோம். முப்பது ஆண்டுகள் கழித்து, ஊதா மைப் பெட்டியின் முன் அமர்ந்திருந்தபோது நகைப்பு வரவில்லை.

நமது கையைத் தடுத்தது அந்தப் பாடம் அன்று. ஒரு பழைய தொலைபேசி அழைப்பு. குருப்பட்டம் பெற்ற புதிதில் வேறொரு பங்கில் இருந்தோம். அங்கே இளைஞர் ஒருவர், ஒரு மாணவர் விடுதியில் கணக்கர் வேலைக்கு நற்சான்று கேட்டு வந்தார். அவரை இருமுறை பூசையில் பார்த்திருந்தோம். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. "நன்கு அறிவேன், நேர்மையானவர்" என்று எழுதி முத்திரையிட்டோம். எட்டு மாதங்களில் பிள்ளைகளின் உணவுக்கான பணத்தோடு அவர் காணாமற்போனார். விடுதிப் பொறுப்பாளர் தொலைபேசியில் நம்மைத் திட்டவில்லை. "சாமி, உங்களுக்கு அவரை உண்மையிலேயே தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். நம்மிடம் விடை இல்லை. எட்டாம் கட்டளை விலக்கும் பொய்ச்சான்று என்பது நீதிமன்றக் கூண்டில் நிகழ்வது என்று அதுவரை எண்ணியிருந்தோம்.

ஆகவே இயலாது என்று கூறினோம். எவ்வளவு மென்மையாகச் சொன்னாலும் இயலாது என்பது இயலாதுதான். தாயின் முகம் மாறியது. "பூசையில ஏழைங்களுக்காக மன்றாடுறீங்க சாமி. ஏழை வந்து நின்னா சட்டம் பேசுறீங்க" என்று சொல்லிவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அவர் சொன்னதில் பாதியேனும் உண்மை என்பதே காரணம்.

மறுநாள் காலைத் திருப்பலிக்குப் பின் மகள் மட்டும் வந்தாள். மகளிர் குழு பீரோவின் சாவியையும் ஒரு நீண்ட குறிப்பேட்டையும் மேசையில் வைத்தாள். "இனி வேற யாராச்சும் பார்த்துக்கட்டும் ஃபாதர்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் தீர்ந்துபோன களைப்பு இருந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் குறிப்பேட்டைப் புரட்டினோம்.

புரட்டப் புரட்ட நமக்கு வெட்கம் உண்டாயிற்று. மூன்று ஆண்டுகளாக நமது கோயில் வளாகத்துக்குள் நடந்த ஒரு வேலையை நாம் கண்ணெடுத்தும் பார்த்திருக்கவில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் குடியேறிய நம் பங்கு மக்களுக்கு வாட்சப் வழியாகப் படம் அனுப்பி அவள் சேலை விற்றிருந்தாள். சேலை எண், நிறம், விலை, வாங்கியவர் ஊர், அனுப்பிய நாள் என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு, "திரும்பி வந்த காரணம்". முதல் ஆண்டு 62 சேலைகள் அனுப்பி 15 திரும்பியிருந்தன. "படத்தில் கத்தரிப்பூ நிறம், நேரில் பழுப்பு" என்பன போன்ற காரணங்கள். இரண்டாம் ஆண்டு 70-க்கு 9. மூன்றாம் ஆண்டு 88-க்கு 4.

எப்படிக் குறைந்தது என்று கேட்டோம். முதலில் இரவில் குழல் விளக்கின் கீழ்ப் படமெடுத்தாளாம், நிறம் மாறியது. பிறகு காலை எட்டு மணிக்குக் கோயில் தாழ்வாரத்தில் எடுத்தாள். அப்போதும் ஐயம் தீராததால், சேலையோடு ஒரு வெற்றிலையையும் வைத்து முதலில் ஒரு படம் எடுத்துப் பார்த்தாள். வெற்றிலையின் பச்சை எல்லாருக்கும் தெரியும். படத்தில் அது மாறியிருந்தால் சேலையின் நிறமும் மாறியிருக்கிறது என்று பொருள். துணியின் கனத்தையும், முந்தானையின் நீளத்தையும், முதல் சலவையில் சாயம் கசியும், உப்பு நீரில் தனியே நனைக்கவும் என்பதையும் படத்தின் அடியில் எழுதத் தொடங்கினாள்.

"எழுதினா வாங்க மாட்டாங்கன்னு அக்காமார் சொன்னாங்க ஃபாதர். எழுதின பிறகுதான் திருப்பி அனுப்புறது நின்னுச்சு."

அவள் தேடிய வேலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டறிந்தபோதுதான் அந்த வேலை இன்னதென்று நமக்கு விளங்கியது. மெர்ச்சண்டைசர் என்னும் சொல் திருப்பூர் சென்று வந்த இளைஞர் வாயிலாக நம் பக்கத்தில் பழகியதே. அங்கே வெளிநாட்டு வணிகருக்கும் தையல் ஆலைக்கும் நடுவில் நின்று, துணி, சாயம், அளவு, அனுப்பும் நாள் ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்பவர் அவர். இணையக் கடையிலோ, எந்தப் பொருளை எந்த வரிசையில் முன்னே காட்டுவது, எந்தப் பெயரில் அழைப்பது, எந்தப் படத்தோடு, என்ன விலையில், எந்தப் பருவத்தில் எத்தனை இருப்பு வைப்பது என்று முடிவு செய்வதில் பங்கேற்பவர். திண்டுக்கல் கடைவீதியில் ஜவுளிக் கடைக்காரர் பாயில் அமர்ந்து சேலையை விரித்து உதறிக் காட்டுகிறாரே, அந்த வேலையை அவர் கைகள் இல்லாமல் செய்வதே இது.

இதில் உள்ள வேறுபாடு சிறிதன்று. கடைக்கு வரும் நம் தாய்மார் சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள், இரு விரலுக்கிடையே தேய்ப்பார்கள், உள்மடிப்பைப் பிரிப்பார்கள், பிறகே விலை பேசுவார்கள். இணையத்தில் வாங்குபவருக்கு விரல் இல்லை. விற்பவர் காட்டும் படமும் எழுதும் சொல்லுமே அவருடைய கண்ணும் கையும். நம் நாட்டில் 2007-இல் ஃபிளிப்கார்ட் நூல்களோடு விற்பனையைத் தொடங்கியது. 2013-இல் அமேசான் இங்கே கடை விரித்தது. இன்று சிற்றூர்களிலும் பொதி சுமந்த இளைஞர்கள் வீடு தேடி வருகின்றனர். காணாமலே நம்பிப் பணம் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அந்த நம்பிக்கையைக் காக்கவே 2020 ஜூலையில் நடுவண் அரசு மின்வணிகத்துக்கான நுகர்வோர் பாதுகாப்பு விதிகளை வெளியிட்டது. விற்பவர் தாமே வாங்கியவர்போல் வேடமிட்டுப் பாராட்டு எழுதக் கூடாது. விளம்பரத்தில் கூறிய இயல்பு பொருளில் இல்லையெனில் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்பன அவற்றுள் சில.

இந்தச் சிக்கலைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒருவர் ஆராய்ந்திருக்கிறார். புனித தாமஸ் அக்குவினாஸ் தமது பெருநூலாகிய சும்மா தெயோலஜியேயில், விற்பதிலும் வாங்குவதிலும் நிகழும் வஞ்சனைக்கென்றே ஒரு தனிப் பகுதி வைத்துள்ளார். விற்பவர் பொருளின் குறையைத் தாமே சொல்லக் கடமைப்பட்டவரா என்பது அதில் ஒரு கேள்வி. மறைந்திருக்கும் குறை வாங்குபவருக்கு இழப்போ இடரோ விளைக்குமானால் சொல்லியே ஆக வேண்டும் என்கிறார். வெளிப்படையான குறையாயின், அதற்கேற்ப விலையைக் குறைத்திருந்தால், சொல்லாமலிருக்கலாம். அதற்கு அவர் காட்டும் சான்று ஒற்றைக் கண் குதிரை. குதிரைக்கு ஒரு கண் இல்லை என்பதை வாங்க வருபவர் தாமே பார்த்துக்கொள்வார் அன்றோ?

ஆனால் குதிரையைப் படத்தில் மட்டும் பார்த்து வாங்கும் காலம் வரும் என்று அந்தத் தூயவர் எண்ணியிருக்க மாட்டார். நல்ல கண் உள்ள பக்கமாக நிறுத்திப் படமெடுத்துவிட்டால், வெளிப்படையான குறையும் மறைந்த குறையாகிவிடுகிறது. அவர் வகுத்த நெறியைத் தொடர்ந்து சென்றால், இணையத்தில் விற்பவருக்குச் சொல்லாதிருக்கும் உரிமை ஏறத்தாழ இல்லை என்றே முடிவுக்கு வர வேண்டும். அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னோம். அவள் முதன்முறையாகச் சிரித்தாள். "அப்ப எங்க வெத்தலை சரிதான் ஃபாதர்" என்றாள்.

அன்றே கடிதம் எழுதினோம். மூன்று ஆண்டுகளாக ஊதியமின்றி, பகுதி நேரமாக, ஆண்டுக்கு இரு பருவங்களில் மகளிர் குழுவின் சேலை விற்பனையைக் கவனித்தவர். அனுப்பியவை இத்தனை, திரும்பியவை இத்தனை. குறைந்ததற்கு அவர் செய்தவை இவை. குறிப்பேட்டை நாமே பார்த்தோம் என்றும் சேர்த்தோம். நாம் எழுதிய சான்றுகளில் ஒரு பக்கத்தை நிறைத்தது அது ஒன்றுதான். பொய்யை எழுத இரண்டு வரி போதும். உண்மையை எழுத அந்தப் பெண்ணோடு ஒரு முற்பகல் முழுவதும் அமர வேண்டியிருந்தது.

இரண்டாண்டு அனுபவம் இல்லையென்று தெரிந்தும், அந்த நிறுவனம் கடிதத்தைப் பார்த்து அவளை நேர்காணலுக்கு அழைத்தது. பத்து நாள் இருந்தது. மாலை வேளைகளில் நாமே கேள்வி கேட்பவராக அமர்ந்தோம். கணக்குகளை அவள்தான் நமக்குக் கற்பித்தாள். 1,000 பேர் ஒரு சேலையின் பக்கத்தைத் திறந்து பார்த்து 20 பேர் வாங்கினால் நூற்றுக்கு இரண்டு. அந்த 20-இல் 6 திரும்பினால் நிலைத்த விற்பனை 14 மட்டுமே; அனுப்பிய செலவோ 20-க்கும் உண்டு. பார்ப்பவர் பலராகவும் வாங்குபவர் சிலராகவும் இருந்தால் விலையையும் முதற்படத்தையும் ஆராய வேண்டும். வாங்குபவரும் பலர், திருப்புபவரும் பலர் என்றால் நாம் எழுதிய சொற்களை ஆராய வேண்டும். மறையுரைக்கும் இது பொருந்துமோ என்று நமக்குள் ஒரு கேள்வி எழுந்தது, அவளிடம் சொல்லவில்லை.

எல்லாக் கேள்விக்கும் விடை சொன்னவள், "உன்னைப் பற்றிச் சொல்" என்றதும் திகைத்து நின்றாள். ஊர், படிப்பு, குடும்பம் என்று மூன்று வரிகளில் முடித்துவிட்டுக் குனிந்துகொண்டாள். தன்னைப் பற்றிச் சொல்ல ஏதும் இருப்பதாக அவளுக்கு யாரும் இதுவரை சொன்னதில்லை. ஈசாய் வீட்டில் சாமுவேல் நடத்திய தேர்வை நினைவூட்டினோம். ஏழு பிள்ளைகளை வரிசையாக நிறுத்திய தந்தைக்கு, காட்டில் ஆடு மேய்க்கும் எட்டாமவனை அழைக்கத் தோன்றவே இல்லை. தாவீதிடம் அன்று இருந்ததெல்லாம் ஆடு காத்த அனுபவம்தான். பின்னொரு நாள் சவுலின் முன் நின்றபோது, சிங்கத்தையும் கரடியையும் துரத்தியதை அவன் கூச்சமின்றி எடுத்துச் சொன்னான். நடந்ததைச் சொல்வது தற்பெருமை ஆகாது. நமது சமூகத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குத் தாழ்ச்சி என்ற பெயரில் ஊமையாயிருக்கக் கற்றுக்கொடுத்துவிட்டோமோ என்று அப்போது தோன்றியது.

நேர்காணல் கணினித் திரை வழியாகவே நடந்தது. அவர்கள் வீட்டில் அலைவரிசை சரியாகக் கிடைக்காது; மின்தடை அச்சமும் இருந்தது. எனவே பங்கு இல்லத்தின் முன்னறையில் நமது கணினியின் முன் அமர்த்தினோம். தாய் கோயிலுக்குள் செபமாலையோடு இருந்தார். நாம் அடுத்த அறையில் கட்டளைச் செபத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, செபிக்காமல் காது கொடுத்துக்கொண்டிருந்தோம்.

கேள்வி கேட்ட அம்மையார் பாதி ஆங்கிலத்திலும் பாதி தமிழிலும் பேசினார். கணக்குகளுக்குத் தடையின்றி விடை சொன்னாள். பிறகு அவர், சின்னாளபட்டிப் பக்கத்துப் பெண் என்று அறிந்தோ என்னவோ, சுங்குடியையே எடுத்தார். புள்ளி அச்சடித்த பருத்திச் சேலைகள் கிடங்கில் தேங்கிக் கிடக்கின்றன. கைமுடிச்சுச் சுங்குடி என்று பெயரை மாற்றினால் விரைவில் விற்றுப்போகும். மேலதிகாரி மாற்றச் சொல்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?

அறையில் மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்டது. நமக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. இரண்டு வாரம் முன்பு நமது மேசையின் எதிரில் அவள் நம்மிடம் கேட்டதும், நாம் செய்யத் துணிந்ததும் இதே வேலைதானே? ஆளுக்கு ஒட்டவிருந்த சீட்டை இப்போது சேலைக்கு ஒட்டச் சொல்கிறார்கள்.

"அச்சுச் சேலைன்னுதான் மேடம் எழுதுவேன்" என்றாள். நூலால் ஒவ்வொரு புள்ளியாக முடிந்து, சாயத்தில் தோய்த்து, பின் முடிச்சவிழ்த்தால் வரும் புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்கமாட்டா; அச்சுப் புள்ளிகள் ஒரே அளவாக இருக்கும்; அறிந்தவர் பார்த்த உடனே கண்டுபிடிப்பார் என்று விளக்கினாள். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டதையும், முடிச்சுப் போடும் கைகளுக்குச் சேர வேண்டிய பெயரை அச்சுக்குக் கொடுத்தால் அவர்கள் கூலி போகும் என்பதையும் சொன்னாள். அதோடு நிற்கவில்லை. "அச்சுச் சேலையும் நல்ல சேலைதான் மேடம். விலை குறைவு, தினம் கட்டலாம். அதை அதோட பேரிலயே விக்கலாம்" என்றாள். நாம் கற்பித்தது இதில் ஒரு சொல்லும் இல்லை. சாயம் ஊறிய தாயின் விரல்களைப் பார்த்து வளர்ந்தவள் சொன்னது அது.

கடைசியாக, முழுநேர அனுபவம் எத்தனை ஆண்டு என்று கேட்டார்கள். "இல்லை" என்றாள்.

ஒன்பது நாள் கழித்து விடை வந்தது. போதிய அனுபவமின்மையால் தற்போது தேர்வு செய்ய இயலவில்லை என்று இரண்டு வரி.

அதைப் படித்துக் காட்டியபோது தாய் நம்மைக் குறை கூறுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "சரிங்க சாமி" என்று எழுந்து பட்டறைக்குப் போனார். அந்தச் "சரிங்க சாமி"யைத் தாங்குவது முன்னைய கோபத்தைத் தாங்குவதைவிடக் கடினமாக இருந்தது. பொய்க் கடிதம் கொடுத்திருந்தால் வேலை கிடைத்திருக்கக்கூடும். நாம் தூய மனச்சான்றோடு உறங்குவதற்கான விலையை இன்னொரு குடும்பத்தின் சோற்றிலிருந்து எடுத்துக்கொண்டோமா? உண்மை பேசுக என்று பீடத்திலிருந்து சொல்பவருக்கு மாதச் சம்பளத்தைப் பற்றிய கவலை இல்லை. அதைக் கேட்டு நடப்பவருக்கு உண்டு.

பாஸ்கா காலத்து நற்செய்தியில், உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் கரி நெருப்பின் அருகே பேதுருவிடம் மும்முறை கேள்வி கேட்கும் பகுதியை வாசித்தபோது இந்த நினைவு மீண்டும் வந்தது. அதுவும் ஒரு நேர்காணல்தான். பேதுருவின் முன்னனுபவம் இன்னொரு கரி நெருப்பின் அருகே மும்முறை மறுதலித்தது. ஆண்டவர் அதைப் பற்றிச் சான்றிதழ் கேட்கவில்லை; ஆனால் கேள்வி கேட்டுவிட்டு எழுந்து போய்விடவும் இல்லை. முன்னதாகவே நெருப்பு மூட்டி, மீன் சுட்டு, உணவு கொடுத்துவிட்டுத்தான் கேட்டார். பலமுறை விளக்கிய பகுதியில் அந்த உணவை நாம் அதுவரை கவனித்ததில்லை. பொய்யான வழியை அடைப்பவர், மெய்யான வழியில் கூடவே நடக்கவும் கடமைப்பட்டவர். அந்தப் பாதியைச் செய்யாமல் இயலாது என்று சொல்வது எளிது. அந்தத் தாய் நம்மைச் சட்டம் பேசுகிறவர் என்று சொன்னதன் பொருள் அதுவே.

அதன்பின் சிலவற்றைத் தொடங்கினோம். பெரிதாக ஒன்றுமில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறுகளில் பூசைக்குப் பின், வேலை தேடும் பிள்ளைகள் முன்னறையில் கூடுகின்றனர். வங்கியிலும் ஆலையிலும் பணியாற்றும் நம் பங்கு மக்கள் இருவர் கேள்வி கேட்டுப் பழக்குகின்றனர். ஒவ்வொரு பிள்ளையும் தான் உண்மையில் செய்த வேலைகளை ஒரு தாளில் எழுத வேண்டும். பாடகர் குழுவுக்குக் கணக்கு வைத்தது, திருவிழாவில் 600 பேருக்கு உணவு பரிமாற ஆள் பிரித்தது, தாத்தாவைப் பத்து மாதம் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றது. எழுதத் தொடங்கும்போது ஒன்றுமில்லை என்பார்கள். எழுதி முடிக்கையில் தாள் போதாமற்போகும். நாம் பார்த்து அறிந்தவற்றுக்கு மட்டும் முத்திரை இடுகிறோம்.

அந்தப் பெண் மேலும் மூன்று இடங்களில் நேர்காணலுக்குச் சென்றாள். செப்டம்பரில், அன்னையின் பிறப்பு விழாவுக்குச் சில நாள் முன்பு, கோயம்புத்தூரில் கைத்தறித் துணிகளை இணையத்தில் விற்கும் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. முதல் நிறுவனம் தருவதாக இருந்ததைவிடச் சம்பளம் குறைவு. விடுதிக் கட்டணமும் வங்கித் தவணையும் போக வீட்டுக்கு அனுப்ப அதிகம் மிஞ்சாது. உண்மை சொன்னதற்குக் கிடைத்த பரிசு இது என்று நாம் கூற மாட்டோம். உண்மை சொல்லி இன்னும் வேலையின்றி இருக்கும் பிள்ளைகள் நமது முன்னறைக்கு வருகிறார்கள். பொய்க் கடிதத்தோடு சென்ற தோழியும் நன்றாகத்தான் இருக்கிறாளாம். கணக்கு இங்கே நேராவதில்லை என்பதை யோபுவே அறிந்திருந்தார்.

கிறிஸ்து பிறப்புக்கு ஊர் வந்தபோது, தான் வேலை பார்க்கும் இணையக் கடையின் பக்கம் ஒன்றைச் செல்பேசியில் திறந்து நம்மிடம் காட்டினாள். அரக்கு நிறச் சேலை ஒன்று. அடியில் அவள் எழுதிய வரிகள்: அச்சுச் சுங்குடி, கைமுடிச்சு அன்று, முதல் சலவையில் சாயம் சற்றுக் கசியும், உப்பு நீரில் தனியே நனைக்கவும், படத்தைவிட நேரில் நிறம் சிறிது அடர்த்தியாக இருக்கும். முன்னும் பின்னுமாக நான்கு படங்கள். குதிரையின் இரு பக்கமும் தெரிந்தது.

பக்கத்தில் நின்ற தாய் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தார். "இம்புட்டையும் எழுதினா யாரு பாப்பா வாங்குவா?" என்றார்.

"இருபத்தேழு போயிருக்கும்மா. ரெண்டுதான் திரும்புச்சு" என்றாள் மகள்.

தாய் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு நம்மைப் பார்த்து, தம்பிக்குக் கல்லூரியில் சேர ஒரு நன்னடத்தைச் சான்று வேண்டும் என்றார். "அவனைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சதை மட்டும் எழுதுங்க சாமி" என்று சேர்த்துக்கொண்டார். இழுப்பறையைத் திறக்குமுன், பையனை நாளை மாலை வந்து நம்மோடு ஒரு மணி நேரம் அமரச் சொல்லும்படி கேட்டுக்கொண்டோம்.